‘டெல் ஹிம்’: இரண்டு பெரிய பாடகிகள் சேர்ந்தால் அது போட்டியா, பேச்சா?

ரோஸ்ஹில்_ராகம்:
செலின் தியோனும் பார்பரா ஸ்ட்ரைசாண்டும் சேர்ந்து பாடிய ‘டெல் ஹிம்’ (‘அவனிடம் சொல்’) பற்றி இங்கே ஒரு முறையாவது ஒழுங்காகப் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நம் மொரிசியஸ் தீவில் செலினைத் தெரியாத வீடு கிடையாது. அவருடைய பிரெஞ்சுப் பாட்டுகளை அம்மாக்கள் சமைத்துக்கொண்டே பாடுவார்கள். ஆனால் இந்தப் பாட்டை எடுத்தால் மட்டும் “ரெண்டு பேரும் யார் சத்தமாகப் பாடுவது என்று போட்டி போடுகிறார்கள்” என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

முதல் ஒரு நிமிடத்தை மட்டும் கவனமாகக் கேளுங்கள். சின்னவள் பயந்துகொண்டே ஆரம்பிக்கிறாள், மனதில் இருப்பதைச் சொன்னால் அவன் என்ன நினைப்பானோ என்று. அதற்குப் பெரியவள், நானும் அந்த இடத்தில் நின்றவள்தான் என்று பதில் சொல்கிறாள். பாட்டு 1997 நவம்பரில் வந்தபோது செலினுக்கு 29 வயது, பார்பராவுக்கு 55. இருபத்தாறு வருட இடைவெளி. பாட்டில் இருக்கிற உறவு அந்த வயதிலேயே இருக்கிறது, அதை நடித்துக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. காதலன் பாட்டுக்குள் வருவதே இல்லை பாருங்கள். அவனைப் பற்றி இரண்டு பெண்கள் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். இப்படி ஒரு டூயட் எத்தனை இருக்கிறது?

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணமும் உண்டு. என் பெரியம்மா மகளுக்குக் கல்யாணம். முந்தின நாள் இரவு நானும் என் சித்தியும் இந்தப் பாட்டைப் பாடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். வீட்டில் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. கல்யாண வீட்டில் இங்கிலீஷ் பாட்டு எதற்கு, அதுவும் ரெண்டு பொம்பளைகள் பாடுகிற பாட்டு எதற்கு என்று. உங்கள் கருத்து வேண்டும், பாட்டைப் பற்றியும், பாடுவதைப் பற்றியும்.

தீவுக்காற்று:
ராகம் அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் அந்த மறுபக்கத்து ஆள். ‘டெல் ஹிம்’ எனக்குக் கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்து தீர்மானித்த பாட்டாகத்தான் தெரிகிறது. செலின் இருந்த இசைத்தட்டுக் கம்பெனி எபிக், பார்பரா இருந்தது கொலம்பியா, இரண்டுமே சோனிக்குச் சொந்தம். ஒரே பாட்டை இரண்டு பேருடைய ஆல்பத்திலும் போட்டார்கள், இரண்டு ஆல்பமும் அதே நவம்பரில் கடைக்கு வந்தன. கணக்கு நன்றாகப் போட்டிருக்கிறார்கள்.

டூயட் என்றால் எனக்கு ‘சூ லெ வான்’ என்கிற பிரெஞ்சுப் பாட்டுதான். பாடகர் காரூவும் செலினும் பாடியது, 2001. காரூவின் குரல் கரகரப்பு, செலின் குரல் சுத்தமான தண்ணீர். இரண்டும் சேரும்போது யார் எப்போது பாடுகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். ‘டெல் ஹிம்’மில் நடுவில் எனக்கு யார் குரல் எது என்றே குழம்பிவிடுகிறது. இரண்டு பேருமே முழு வேகத்தில் போகிறார்கள்.

பழைய_ரெக்கார்டு:
தம்பி தீவுக்காற்று, கம்பெனி கணக்கு போட்டது உண்மை. ஆனால் பாட்டு பிறந்த கதை அங்கே ஆரம்பிக்கவில்லை. 1997 மார்ச்சில் ஆஸ்கர் விழா. பார்பராவும் பிரையன் ஆடம்ஸும் பாடிய ஒரு படப்பாட்டு போட்டியில் இருந்தது. அந்தப் பாட்டை எழுதியவர்களில் பார்பராவும் ஒருவர். விழாவில் அதை நட்டாலி கோல் பாடுவதாக இருந்தது, அவருக்கு உடம்பு சரியில்லாமல் போகவே கடைசி நேரத்தில் செலினைப் பாட வைத்தார்கள். செலின் ஏற்கெனவே தன் சொந்தப் பாட்டு ஒன்றையும் அதே மேடையில் பாட வேண்டியிருந்தது. இன்னொருத்தருடைய பாட்டை, அதுவும் பார்பராவின் பாட்டை, அவர் வந்திருக்கும் அரங்கத்திலேயே பாடுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நேரம் பார்த்து பார்பரா அரங்கத்துக்கு வெளியே போயிருந்தார், நேரில் கேட்கவில்லை. பிறகு பதிவைப் பார்த்துவிட்டு, அழகாகப் பாடினாய், அடுத்த முறை இருவரும் சேர்ந்து பாடுவோம் என்று செலினுக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்து வந்ததுதான் ‘டெல் ஹிம்’. டேவிட் ஃபாஸ்டர், லிண்டா தாம்சன், வால்டர் அஃபனாசியெஃப் மூவரும் எழுதினார்கள். ஃபாஸ்டர் இரண்டு பாடகிகளோடும் முன்பே வேலை செய்தவர். அஃபனாசியெஃப் 1991இல் செலினும் பீபோ பிரைசனும் பாடிய டிஸ்னி டூயட்டைத் தயாரித்தவர். அதாவது இந்த இரண்டு குரலும் எங்கே தாங்கும், எங்கே உடையும் என்று தெரிந்தவர்கள் கையில் பாட்டு போனது.

இதையெல்லாம் வைத்துத்தான் நான் ராகம் சொல்வதோடு சேர்கிறேன். பெரியவர் சின்னவரை அழைத்திருக்கிறார். பாட்டில் நடப்பதும் அதுதான்.

தீவுக்காற்று:
ஐயா, கதை நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கேட்கிறவன் காதில் கதை விழாது, பாட்டுதான் விழும்.

வாக்வா_வாசகி:
இந்த இழையைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். “ரெண்டு பொம்பளைகள் பாடுகிற பாட்டு கல்யாணத்துக்கு எதற்கு” என்று ராகத்தின் வீட்டில் கேட்டார்கள் என்றால், நம் பழைய பாட்டுகளில் பாதியைத் தூக்கிப்போட வேண்டியதுதான் என்று அவர்களிடம் சொல்லுங்கள். அகப்பாட்டில் தலைவி மனதில் இருப்பதை முதலில் அறிகிறவள் யார்? தோழி. அவளைத் தேற்றுகிறவள், துணிந்து பேசச் சொல்கிறவள், தாய்க்கும் செவிலிக்கும் பக்குவமாக எடுத்துச் சொல்கிறவள், எல்லாம் தோழிதான். குறுந்தொகை 23ஆம் பாட்டு, ஔவையார் பாடியது. கட்டுவிச்சி குறி சொல்லிப் பாட வந்திருக்கிறாள். பாட்டில் ஏதோ ஒரு குன்றத்தின் பேர் வருகிறது. உடனே தோழி, இன்னொரு முறை பாடு, அவருடைய அந்தக் குன்றத்தைப் பாடிய பாட்டையே பாடு என்கிறாள். அந்த ஒரு வார்த்தையில் தலைவியின் காதல் வீட்டுக்குத் தெரிந்துவிடுகிறது! பெண்ணின் மனதைச் சொல்ல இன்னொரு பெண்ணின் வாய் உதவுகிறது.

திருப்பாவை 15ஆம் பாசுரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே நிற்கிற பெண்கள் ஒரு வரி, உள்ளே படுத்திருக்கிறவள் ஒரு வரி என்று கேள்வியும் பதிலுமாகவே போகும். மார்கழியில் கோவிலில் பெண்கள் இரண்டு பக்கமாக உட்கார்ந்து அதைப் பாடினால் எவ்வளவு அழகாக இருக்கும். அது டூயட் இல்லாமல் வேறென்ன?

சினிமாவிலும் இருக்கிறது. 1964இல் வந்த ‘பச்சை விளக்கு’ படத்தில் சுசீலாவும் எல்.ஆர். ஈஸ்வரியும் பாடிய ‘தூது சொல்ல ஒரு தோழி’ முழுக்க முழுக்க இந்த விஷயம்தான். ‘தாமரை நெஞ்சம்’ படத்தில் (1968) ‘அடி போடி பைத்தியக்காரி’, அதே இரண்டு குரல். ஒருத்தி மனதை மறைக்கப் பார்க்கிறாள், இன்னொருத்தி விடமாட்டேன் என்கிறாள். ஆகவே ராகம், தைரியமாகப் பாடுங்கள்.

தென்கரை:
வாசகி டீச்சர் சொன்ன அந்த இரண்டு படப்பாட்டையும் இப்போதுதான் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். அப்புறம் ‘டெல் ஹிம்’. மூன்றும் ஒரே குடும்பம் போல இருக்கிறது!

பழைய_ரெக்கார்டு:
வாசகி சொன்ன சுசீலா, ஈஸ்வரி ஜோடியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லலாம். தீவுக்காற்று தம்பி, உங்கள் காரூ நியாயம் இங்கேயும் இருக்கிறது. சுசீலா குரல் நேராக, வழுக்கிக்கொண்டு போகும். ஈஸ்வரி குரலில் ஒரு கிள்ளல் இருக்கும், சொல்லைக் கடித்துப் பாடுவார். விஸ்வநாதன் ராமமூர்த்தி காலத்திலிருந்தே இசையமைப்பாளர்களுக்கு அது தெரிந்திருந்தது. அந்தக் காலத்தில் இரண்டு பேரும் ஒரே அறையில், வாத்தியக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, ஒரே மூச்சில் பாடிப் பதிய வேண்டும். ஒருத்தர் தப்பு செய்தால் எல்லோரும் முதலிலிருந்து. அதனால் பக்கத்தில் நிற்பவர் எப்படி மூச்சு எடுக்கிறார் என்று பார்த்துப் பாடினார்கள். இன்று ஒருத்தர் சென்னையில், ஒருத்தர் மும்பையில், தனித்தனியாகப் பாடி அனுப்புகிறார்கள். பாட்டு வெளியான பிறகுதான் கூடப் பாடியவரையே சந்தித்தேன் என்று சொல்கிற பாடகர்கள் உண்டு.

ஆனால் தனித்தனியாகப் பாடினாலே கெட்டுவிடும் என்றும் சொல்ல முடியாது. பார்பராவுக்கே இதில் ஒரு வேடிக்கையான அனுபவம் உண்டு. 1978இல் ‘யூ டோன்ட் பிரிங் மீ ஃப்ளவர்ஸ்’ என்ற பாட்டை நீல் டயமண்ட் தனியாகப் பாடியிருந்தார், பார்பராவும் தனியாகப் பாடியிருந்தார். இரண்டும் ஒரே சுருதியில் அமைந்துவிட்டன. கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் நகரத்து வானொலி அறிவிப்பாளர் ஒருவர் இரண்டு பதிவையும் வெட்டி ஒட்டி, இருவரும் மாறி மாறிப் பாடுவது போலச் செய்து ஒலிபரப்பினார். கேட்டவர்கள் அந்தத் தட்டு எங்கே கிடைக்கும் என்று கடைகளைத் துளைத்தெடுத்தார்கள். அப்படி ஒரு தட்டே இல்லை! பிறகு கம்பெனி இருவரையும் நிஜமாகவே சேர்த்துப் பாட வைத்தது, அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. இருவரும் புரூக்ளினில் ஒரே பள்ளியில் படித்தவர்கள் வேறு.

மோக்கா_மாணவி:
அந்த 1978 கதை எனக்குப் புதிது, நன்றி ஐயா. நான் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் கர்நாடக சங்கீதம் படிக்கிறேன், அதனால் சுருதி விஷயத்தில் ஒரு வார்த்தை.

ஆண் பெண் டூயட் எப்போதுமே ஒரு சமரசம். நம் வழக்கத்தில் சுருதியின் உயரத்தைக் கட்டை என்று அளப்போம். ஆண்கள் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையில் பாடுவார்கள், பெண்கள் ஐந்து, ஐந்தரை கட்டையில். ஒரே பாட்டை இருவரும் பாட வேண்டும் என்றால் யாராவது ஒருவர் சிரமப்பட வேண்டும். நம் சினிமா டூயட்டுகளில் பெரும்பாலும் ஆண் மேல் ஸ்தாயியில் இழுத்துப் பாடுவார், இல்லையென்றால் பெண் கீழே இறங்கி மூச்சாகப் பாடுவார். பாலட் என்கிற மெதுவான ஆங்கிலக் காதல் பாட்டுகளில் சரணத்துக்குச் சரணம் சுருதியையே மாற்றிவிடுகிறார்கள், அவர் பகுதிக்கு ஒன்று, இவர் பகுதிக்கு ஒன்று. கடைசிப் பல்லவியில் அரைக்கட்டையோ ஒரு கட்டையோ ஏற்றுவதும் அதற்குத்தான் வசதி.

இரண்டு பெண்கள் பாடினால் இந்தச் சிக்கல் இல்லை. அங்கேதான் வேறு சிக்கல் வருகிறது, தீவுக்காற்று அண்ணா சொன்னது. எல்லை ஒன்றாக இருப்பதால் குரல்களைப் பிரித்துக் காட்டக் குரலின் நிறமும் சொல்லும் விதமும் மட்டும்தான் மிச்சம். பார்பரா மேடை நாடகத்திலிருந்து வந்தவர். ஒரு வரியைப் பேசுவது போலத் தள்ளிப் போட்டு, தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் வந்து விழுவார், வார்த்தையின் கடைசி எழுத்தை மெல்ல விடுவார். செலின் நேராகத் தாளத்தின் மேல் நிற்பார், நீண்ட சுரத்தை முதலில் அசைக்காமல் பிடித்து, பிறகுதான் அதிரவிடுவார். இதைக் கவனித்துக் கேட்டால் நடுவில் குழப்பமே வராது. அண்ணா, ஹெட்ஃபோன் போட்டு இன்னொரு முறை கேட்டுப் பாருங்களேன்.

தீவுக்காற்று:
கேட்டேன் மாணவி. பின்னால் வந்து விழுவது பார்பராதான், அது இப்போது காதில் விழுகிறது. ஆனாலும் கடைசிப் பகுதி எனக்கு ஒரே சத்தம்தான். அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன். ‘சூ லெ வான்’ கடைசி வரை இரண்டு மனிதர்கள் பேசுவது போலவே இருக்கும். பிரான்சில் 2002இல் அந்த ஆண்டின் சிறந்த பாட்டு என்று விக்துவார் இசை விருது வாங்கியது. ‘டெல் ஹிம்’ கிராமிக்குப் பரிந்துரைக்கப்பட்டது, ஜெயிக்கவில்லை.

ரோஸ்ஹில்_ராகம்:
விருதை வைத்துப் பேச வேண்டாமே. ‘சூ லெ வான்’ எனக்கும் உயிர். பிரச்சினை என்னவென்றால் அதில் இருவருக்கும் பாட்டு ஒரே மனநிலையில் போகிறது, இருவரும் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள். ‘டெல் ஹிம்’மில் ஒருத்தி மாறுகிறாள். ஆரம்பத்தில் கேள்வி கேட்டவள் கடைசியில் பெரியவளோடு சேர்ந்து அதே வரிகளை உரக்கப் பாடுகிறாள். அந்தச் சத்தம் அவளுக்கு வந்த தைரியம். நீங்கள் சத்தம் என்று ஒதுக்குகிற அந்த இடத்துக்காகத்தான் முன்னால் அத்தனை அடக்கமாகப் பாடுகிறார்கள். செலின் அந்த முதல் சரணத்தில் தன் முழுக் குரலைத் தொடவே இல்லை. உலகமே அந்தக் குரலுக்காகக் காத்திருக்கும்போது ஒரு பாடகி அதை வெளியே எடுக்காமல் இன்னொருத்தரின் பதிலுக்கு இடம் விடுகிறார். எனக்கு டூயட்டில் மரியாதை என்றால் அதுதான்.

1998, 99இல் செலின் இந்த ஆல்பத்துக்காக உலகச் சுற்றுப்பயணம் போனபோது, பார்பராவின் குரலையும் படத்தையும் திரையில் ஓடவிட்டு அதோடு சேர்ந்து இதைப் பாடினார். அதைப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். திரையில் இருப்பவரையே பார்த்துக்கொண்டு பாடுகிறார், கூட்டத்தைப் பார்த்து அல்ல.

மேடை_ஒலி:
வணக்கம். நான் கல்யாணங்களுக்கு ஒலி வைக்கிற ஆள். பாட்டு பெரிதா சிறிதா என்பதை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள், நான் பாடுவதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாதிரிப் பாட்டுகள் மேடையில் விழுவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

ராகம், முதல் வேலை சுருதி. கரோக்கே டிராக், அதாவது குரல் இல்லாத இசைப்பதிவு, எந்தச் சுருதியில் கிடைக்கிறதோ அதே சுருதியில் பாடாதீர்கள். அது அந்த இரண்டு பேர் தொண்டைக்கு வைத்தது. பாட்டின் மிக உயரமான இடத்தை உங்கள் இருவரில் யார் பாடப்போகிறாரோ அவர் நின்றபடி, காலையில் அல்ல, சாயங்காலம், வாய்விட்டுப் பாடிப் பார்க்கட்டும். நெருக்கினால் அரைக்கட்டை அரைக்கட்டையாகக் குறையுங்கள். ஒன்று, ஒன்றரைக் கட்டை வரை குறைத்தால் டிராக்கில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதற்குக் கீழே போனால் வயலின்கள் எல்லாம் ரப்பர் மாதிரி இழுக்கும். ஆரம்பத்துத் தாழ்ந்த வரிகளும் கேட்காமல் போகும், அதையும் பாருங்கள்.

அடுத்தது மைக். ஆளுக்கொரு மைக், கட்டாயம். ஒரே மைக்கில் இரண்டு பேர் சாய்ந்து பாடுவது போட்டோவுக்கு அழகு. கேட்பவர்களுக்கு ஒருத்தர்தான் கேட்பார். சேர்ந்து பாடும் இடத்தில் மேல்குரல் பாடுகிறவர் மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும், ஏனென்றால் மேல் சுரம் தானாகவே எட்டிக் குதிக்கும். இதை ஒலிக்காரர் சரிசெய்வார் என்று விட்டுவிடாதீர்கள், எனக்குப் பாட்டு தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. யார் எப்போது ஆரம்பிக்கிறார் என்று ஒரு தாளில் எழுதி முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.

மோக்கா_மாணவி:
மேடை ஒலி அண்ணா சொன்னதோடு ஒன்று. நம் சங்கீதம் பழகியவர்களுக்கு ஹார்மனி, அதாவது ஒரே நேரத்தில் ஆளுக்கொரு சுரத்தில் சேர்ந்து பாடுவது, ரொம்பக் கஷ்டம். கூட இருப்பவர் சுரத்தைப் பிடித்தால் நம் குரல் தானாகவே அதில் போய் ஒட்டிக்கொள்ளும், பக்கவாத்தியம் போல ஒரே ராகத்தில் சேர்ந்து போகத்தான் நமக்குப் பழக்கம். அதனால் ராகம் அக்கா தன் வரியை மட்டும் போனில் பதிந்து சித்திக்கு அனுப்பட்டும், சித்தி தன் வரியை அக்காவுக்கு. எதிர்க்குரல் காதில் ஓட ஓட அவரவர் வரியைப் பாடிப் பழகுங்கள். முதலில் வார்த்தையே இல்லாமல் அகாரத்தில், வெறும் ‘ஆ’ என்று. கமகம் வேண்டாம், சேர்ந்து பாடும் இடத்தில் யாராவது ஒருவர் சுரத்தை அசைத்தால் இரண்டும் கலங்கிவிடும். தனியாக வரும் வரிகளில் வேண்டுமானால் கொஞ்சம் அசைத்துக்கொள்ளலாம்.

வாக்வா_வாசகி:
ராகம், சித்தி என்ன பாடுவார், உங்களுக்குப் பெரியவள் பங்கா சின்னவள் பங்கா? கல்யாணப் பெண்ணுக்கும் சித்திதானே அவர்? அப்படியானால் அவர் பெரியவள் பங்கைப் பெண்ணைப் பார்த்தே பாடட்டும். அப்போது வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் பாட்டு எதற்கு என்று கேட்கத் தோன்றாது. அதற்கு முன்னால் ‘தூது சொல்ல ஒரு தோழி’ பல்லவியை மட்டும் டிராக் இல்லாமல் நீங்கள் இருவரும் பாடிவிட்டு, அங்கிருந்து இதற்குள் போனால் பாட்டிகளும் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள்.

தென்கரை:
டீச்சர் யோசனைக்கு என் ஓட்டு. ஏழு கறிச் சாப்பாட்டுக்கு முன்னால் பாடிவிடுங்கள், அதற்குப் பிறகு யாரும் கேட்கும் நிலையில் இருக்க மாட்டார்கள்.

பழைய_ரெக்கார்டு:
சுசீலா, ஈஸ்வரி பாட்டிலிருந்து இதற்குப் போவதென்றால் இரண்டும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் தடுக்கும். அதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீவுக்காற்று:
அக்கா, என் அபிப்பிராயம் அப்படியே இருக்கிறது, ஆனால் பெண்ணைப் பார்த்துச் சித்தி பாடுவது என்றால் அதைக் கேட்க எனக்கே ஆசையாக இருக்கிறது. என்னிடம் கீபோர்டு இருக்கிறது. கரோக்கே டிராக்கை விட்டுவிட்டு நான் வாசிக்கட்டுமா? சுருதியை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், தமிழ்ப் பல்லவியிலிருந்து இதற்குப் போகும் இடத்தையும் நானே கோத்துத் தருகிறேன். சித்தி பார்பரா போலத் தள்ளிப் பாடினால் டிராக் காத்திருக்காது, நான் காத்திருப்பேன்.

ரோஸ்ஹில்_ராகம்:
தம்பி, கண்டிப்பாக வேண்டும்! சித்தியிடம் இப்போதே போன் செய்து கேட்டேன். ‘தூது சொல்ல’ பாட்டு அவருக்கு முழுதும் தெரியுமாம், சின்ன வயதில் வானொலியில் கேட்டதாம். பெரியவள் பங்கு அவருக்குத்தான். ஐந்து கட்டையில் ஆரம்பித்துப் பார்க்கலாம் என்கிறார், நெருக்கினால் நாலரை. மேல்குரல் எனக்கு. மேடை ஒலி அண்ணா கேட்ட தாளை நான் எழுதுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ரோஸ்ஹில்லில் எங்கள் வீட்டில் முதல் ஒத்திகை. மோக்கா மாணவியும் வந்தால் அந்த ஹார்மனி இடத்தைக் கூட உட்கார்ந்து சரிசெய்துவிடலாம்.

மோக்கா_மாணவி:
வருகிறேன் அக்கா. வரிகளைப் பதிந்து அதற்கு முன்னாலேயே இருவரும் அனுப்பிக்கொள்ளுங்கள், நேராக வந்து ஆரம்பிக்க வேண்டாம்.